வசந்தாமணியின் ஒன்பது அட்டைகள்

சேலம் கோட்டை,
8 ஜனவரி 2024

வசந்தாக்காவுக்கு,

போனில் பேச வேண்டாம் என்று நீதான் சொன்னாய். துணி மூட்டைக்குள் சீட்டு வைத்து அனுப்பினால் போதும் என்றும் நீதான் சொன்னாய். ஐந்து மாதமாக "சிவப்பு அறுபது, வெள்ளை நாற்பது" என்று சீட்டு எழுதியே காலம் தள்ளுகிறோம். இன்றைக்குச் சீட்டில் அடங்காத விஷயம் ஒன்று வந்திருக்கிறது.

நான் மிஷின் வாங்கப் போகிறேன். துணி வெட்டும் மிஷின். மருமகள் தஹ்சீனுடன் கோயம்புத்தூர் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு பலகையில் நமக்கு வேண்டிய வடிவத்தில் பிளேடை வளைத்துப் பதித்துத் தருகிறார்கள். அதற்கு டை என்று பெயர். துணியை எட்டு மடிப்பாக அதன்மேல் வைத்து, உருளைக்கு நடுவே விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் எட்டுத் துண்டும் ஒரே அளவில் விழுகிறது. நீ ஒரு காலை முழுக்கக் குனிந்து வெட்டுவதை, நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அது வெட்டிவிடும்.

பதினான்கு வருடம் நீ ஜலகண்டாபுரத்தில் வெட்டினாய், நான் சேலத்தில் தைத்தேன். துண்டுப் போர்வை என்றால் நம் இரண்டு பேர் கைதான் என்று ஊரில் பேர் வாங்கினோம். போன ஆடியில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆப்பரேஷன் ஆகி நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நமக்கு ஆர்டர் கொடுக்கும் பெங்களூர் அம்மாளின் நட்சத்திரப் போர்வைக்கு வெட்டிய துண்டுகளைப் பத்திரமாக வைத்திரு, வந்து தைத்துக்கொள்கிறேன் என்றேன். நீ அதை உன் ஊர் நவீன்குமாரின் தையல் ஷெட்டில் கொண்டுபோய்க் கொட்டினாய். அவர் தைத்து அனுப்பிவிட்டார். இப்போது பாதி ஆர்டர் அவருக்குப் போகிறது.

அன்றைக்கு ஐசியூ வாசலில் உட்கார்ந்துகொண்டு நினைத்தேன், இவள் கை இல்லாமல் ஒரு நாள் பிழைத்துக் காட்ட வேண்டும் என்று. அந்த நாள் வந்துவிட்டது. இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. என் வளையல் இரண்டும் போகும் என்பதால் கொஞ்சம் யோசனை. தஹ்சீன்கூட, "வசந்தாம்மா கை இருக்கறப்ப மிஷின் எதுக்கு மாமி?" என்கிறாள். அவளுக்கு உன்னைப் பற்றித் தெரியாது.

டை செய்ய அளவு வேண்டும். நீ துணிமேல் வைத்து வெட்டும் ஒன்பது அட்டைகளையும் அடுத்த மூட்டையில் வைத்து அனுப்பு. அந்த நட்சத்திரம் நான் யோசித்த நட்சத்திரம். அட்டையும் எனக்குத்தான் சொந்தம்.

இர்பானா


ஜலகண்டாபுரம்,
14 ஜனவரி 2024

இர்பானா அம்மாள் அவர்களுக்கு,

இன்றைக்குப் போகி. வேண்டாததை எரிக்கிற நாள். உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எரிக்க எடுத்தேன். பதில் எழுதிவிட்டு எரிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

ஆடி மாதக் கதையைச் சொல்கிறீர்கள். அதற்கு முந்தின மாதம் நடந்ததைச் சொல்லவில்லை. பேப்பரில் உங்கள் போட்டோ வந்தது. மடியில் நம் போர்வை. "இவ்வளவும் நீங்களே வெட்டித் தைப்பதா?" என்று அவர்கள் கேட்டதற்கு, "வெட்டிக் கொடுக்க ஓர் ஆள் இருக்கிறார்" என்று சொல்லியிருந்தீர்கள். என் வீட்டுக்காரர் டீக்கடையில் அதை வாசித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார். "ஏன் வசந்தா, உனக்குப் பேரு வெச்சிருக்கறது அந்தம்மாவுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். நான்கு பேர் எதிரில் கேட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாய் ஆஸ்பத்திரியில் இருந்தபோது துண்டுகளை நவீன்குமாருக்குக் கொடுத்தேன். மறந்துபோய்க் கொடுக்கவில்லை, ஏமாந்துபோயும் கொடுக்கவில்லை. தெரிந்தே, வேண்டுமென்றே கொடுத்தேன். நான் ஓர் ஆள்தானே. ஆள் என்றால் எந்த இடத்திலும் வேலை செய்யும். பாய் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தேறி வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அதையும் இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

மிஷின் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் கேட்கிறேன். துணியில் எண்ணெய்க் கறை இருந்தால் மிஷின் ஒதுக்குமா? நூல் அறுந்து ஓடியிருந்தால் தள்ளி வைக்குமா? இது நம் ஊர்த் தறித் துணி. பாவு நூல் ஓடும் நீளப் பக்கம் இழுத்தால் அசையாது, ஊடை ஓடும் குறுக்குப் பக்கம் இழுத்தால் நெகிழும். உருளைக்குள் எந்தப் பக்கமாக விட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. ஏனென்றால் பதினான்கு வருடமும் நான் பார்த்து வெட்டிக் கொடுத்ததை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தைத்தீர்கள். நானும் சொல்லித்தர மாட்டேன்.

நட்சத்திரத்தை யோசித்தது நீங்கள்தான். அதை ஒன்பது அட்டையாகப் பிரித்து, எதோடு எது சேரும் என்று மூன்று வாரம் வெட்டி வெட்டிப் பார்த்தது நான். அட்டை வராது.

மா. வசந்தாமணி


சேலம் கோட்டை,
24 ஜனவரி 2024

வசந்தாக்கா,

"அம்மாள் அவர்களுக்கு" என்று எழுதினால் நான் பயந்துவிடுவேனா? நீ எனக்குப் போட்ட மரியாதை என்னைச் சுட வேண்டும் என்று போட்டது. சுட்டது. சந்தோஷமா?

பேப்பர்காரரிடம் உன் பேரைச் சொன்னேனா என்று இப்போது எனக்கே நினைவில்லை. சொல்லியிருந்தால் போட்டிருப்பார்கள் என்பாய். சொல்லாமல்தான் இருந்திருப்பேன். போட்டோ எடுத்த பரபரப்பில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதற்கு நீ என்னிடம் வந்து சண்டை போட்டிருக்கலாம். நாலு அறைகூட அறைந்திருக்கலாம். நான் ஆஸ்பத்திரி வாசலில் உட்காரும் வரைக்கும் காத்திருந்து அடித்தாயே, அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்த மனசு உனக்கு எங்கிருந்து வந்தது?

மிஷின்காரர் பிப்ரவரி பத்தாம் தேதி வீட்டுக்கு வருகிறார். இதுதான் உனக்கு அனுப்பும் கடைசி மூட்டை. வெட்டி அனுப்பு, கூலி கையில் வரும், அதோடு முடிந்தது. அட்டையை நீ தராவிட்டாலும் பழைய போர்வை ஒன்றைப் பிரித்து அளவெடுத்துக்கொள்வேன். கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். தந்தால், போகும்போதாவது கௌரவமாகப் போனாய் என்று நினைத்துக்கொள்வேன்.

உன் கத்தரிக்கோலை நவீன்குமார் எத்தனை நாள் வைத்துக்கொள்வார் என்று நானும் பார்க்கிறேன்.

இர்பானா


ஜலகண்டாபுரம்,
2 பிப்ரவரி 2024

அன்புள்ள இர்பானாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நீ கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் நேராக வந்து கேட்டிருக்க வேண்டும். வயதில் மூத்தவள் நான், எனக்குத்தான் புத்தி இருந்திருக்க வேண்டும். ஆனது ஆகிவிட்டது.

கடைசி மூட்டையை வெட்டி அனுப்பியிருக்கிறேன். அதன் நடுவே காக்கிக் கவரில் ஒன்பது அட்டைகளும் இருக்கின்றன. பழைய அட்டைகள் ஓரமெல்லாம் பிய்ந்துபோய்விட்டன. அதை வைத்து இரும்பு வளைத்தால் கோணலாக வரும் என்று புதுசாகவே வெட்டிவிட்டேன். ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டு, பாவு ஓடும் பக்கத்துக்கு அம்புக்குறியும் என் கையாலேயே போட்டிருக்கிறேன். சொல்லித்தர மாட்டேன் என்று கோபத்தில் எழுதியது, அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

மிஷினைத் தாராளமாக வாங்கு. எனக்கும் ஐம்பத்திரண்டு ஆகிறது, வெட்டி வெட்டிப் பெருவிரல் மரத்துவிட்டது. டை செய்கிறவரிடம் அட்டையை அப்படியே கொடுத்துவிடு. நீ கூட்டிக் குறைக்க வேண்டாம். பாயைக் கேட்டதாகச் சொல்லவும்.

உன் அக்கா,
வசந்தாமணி


சேலம் கோட்டை,
20 பிப்ரவரி 2024

அன்புள்ள வசந்தாக்காவுக்கு,

உன் அட்டைகள் வந்தன. என்ன சுத்தம், என்ன நேர்த்தி. நம்பரும் அம்புக்குறியும் பார்க்கவே அழகாக இருந்தன. இவ்வளவு நல்ல மனசா என்று ஒரு நாள் முழுக்க அழுதேன், உண்மையாகவே. தஹ்சீனிடம், "அக்காகிட்ட நான்தான் போய் மன்னிப்புக் கேக்கணும்" என்றுகூடச் சொன்னேன்.

மறுநாள் உன் கடைசி மூட்டையைப் பிரித்துத் தைக்க உட்கார்ந்தேன். கையில் மூன்றாம் நம்பர் முக்கோணம் ஒன்று இருந்தது. பக்கத்தில் மூன்றாம் நம்பர் அட்டை. சும்மா எடுத்து மேலே வைத்தேன். சுற்றிலும் துணி வெளியே நின்றது. கால் இஞ்ச். ஒன்பதையும் வைத்துப் பார்த்தேன். ஒன்பதிலும் அதே கால் இஞ்ச்.

தையல் பிடிக்க விடும் துணியை மட்டும் அளந்து நறுக்கி எடுத்திருக்கிறாய். தைக்கிறவள் அட்டையைத் தொட்டதில்லை, அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தாய். இதை வைத்து டை செய்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். தைத்து முடித்த பிறகு சதுரம் ஓர் அளவில் நிற்கும், முக்கோணம் வேறு அளவில் நிற்கும். ஒன்றோடொன்று சேராது. நட்சத்திரத்துக்கு முனையே இருக்காது. இரும்பை இழுத்துப் பெரிதாக்கவும் முடியாது. என் வளையல் போயிருக்கும், துணி போயிருக்கும், பெங்களூர் அம்மாள் போயிருப்பாள். பாயைக் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறாய்.

அதற்குப் பிறகு வளையலைக் கழற்ற மனசு வராமல் மிஷின் வாங்கவில்லை, உன் துண்டையே அளவாக வைத்துக் கையால் வெட்டிக்கொள்கிறேன். வந்தவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அதற்காகக் கவலைப்படாதே, உன் அட்டை வீணாகவில்லை. இன்று காலை உன் நவீன்குமார் இங்கே வந்தார். அவரும் அதே மிஷினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாராம், டைக்கு அளவு வேண்டுமாம். உன்னிடம் கேட்டாராம். "அட்டையெல்லாம் இர்பானாகிட்டப் போயிருச்சுங்க, எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க" என்றாயாம். மிஷின் வந்தால் உன் வேலை போய்விடும் என்று பயந்து சொல்லியிருப்பாய். அவர் நேராக என்னிடம் வந்தார்.

நான் காக்கிக் கவரோடு எடுத்துக் கொடுத்தேன். "உங்க வசந்தாக்கா தன் கையால வெட்டினது, அப்படியே கொடுங்க" என்றேன். உன் எழுத்தைப் பார்த்துவிட்டு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டார். இந்தக் கடிதத்தையும் ஒட்டி, சாயங்காலம் ஊர் திரும்பும் அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

இப்போது உனக்கு இரண்டு வழி இருக்கிறது. அட்டை தப்பு என்று அவரிடம் சொன்னால் நீ எப்படிப்பட்டவள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். சொல்லாமல் விட்டால் அவர் சரக்கெல்லாம் பாழாகும். அப்போது நீ எப்படிப்பட்ட வெட்டுக்காரி என்று ஊருக்கே தெரிந்துவிடும். எது வேண்டுமோ எடுத்துக்கொள். நான் நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

இர்பானா


ஜலகண்டாபுரம்,
28 மார்ச் 2024

இர்பானாவுக்கு,

இது நோன்பு மாதம். இந்தச் சமயத்தில் உனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதுவது பாவமா என்று தெரியவில்லை. பாவம் என்றாலும் எழுதுகிறேன்.

நவீன்குமார் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போன அன்று நான் கத்தரிக்கோலைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அவர், "அக்கா, டை பண்றவர்கிட்டப் போறேன், நீங்களும் வாரீங்களா? உங்களுக்குத்தான் நெளிவு சுளிவு தெரியும்" என்று கூப்பிட்டார். காரில் போகும்போது வழியெல்லாம் மிஷினைப் பற்றியே பேசினார்.

டை செய்கிறவரின் மேஜைமேல் என் ஒன்பது அட்டையும் வரிசையாகக் கிடந்தன. அவர் முதல் பலகையில் கோடு போட ஆரம்பித்துவிட்டார். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். டை தப்பினால் மிஷின் மூலையில் கிடக்கும், இவர் மறுபடி என் கத்தரிக்கோலிடம்தான் வந்து நிற்பார். பேர் கெட்டால் கெடட்டும், சோறு கிடைக்குமே என்று நினைத்தேன். நீ அதுவரைக்கும் யோசித்திருக்க மாட்டாய்.

அப்போது நீ நிம்மதியாகத் தூங்கப் போகிறேன் என்று எழுதியது ஞாபகம் வந்தது. சரியான அளவு இவர் கைக்குப் போனால் உன் மிச்ச ஆர்டரும் போகும், அப்புறம் எப்படித் தூங்குவாய் என்று பார்க்கலாம் என்று தோன்றியது.

"நிறுத்துங்க, அந்த அட்டை தப்புங்க" என்றேன்.

நவீன்குமார் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க்கா, உங்க எழுத்துதானுங்களே இது?"

"எழுத்து என்னுதுதாங்க. நான்தான் தப்பா வெட்டினேன். சுத்தியும் கால் இஞ்ச் கொறைச்சு வெட்டினேன்."

"எதுக்குங்க்கா?"

"கோவத்துலங்க."

"எம்மேலயா?"

"உங்க மேல இல்லீங்க. அவ மேல."

அவர் அட்டைகளை ஒன்றாக அடுக்கி ஓரமாகத் தள்ளினார். பிறகு, "சரியான அளவு உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார். வியாபாரிக்கு அதுதான் வேண்டும். பழைய அட்டை வீட்டில் பெட்டிக்கு அடியில் இருந்தது. அதற்குக்கூட நான் போகவில்லை. பென்சிலை வாங்கி அந்தப் பலகையிலேயே ஒன்பதையும் வரைந்தேன். சதுரத்துக்கு எவ்வளவு விட வேண்டும், முக்கோணத்தின் முனையை எங்கே நறுக்க வேண்டும், பாவு எந்தப் பக்கம் போக வேண்டும், எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு வெட்டித் தராத தாமரை ஒன்று என் மனதில் இருந்தது. அதையும் வரைந்து கொடுத்தேன்.

மிஷின் வந்து பத்து நாள் ஆகிறது. ஒரு குறை சொல்ல முடியாது, எண்ணெய் போட்டாற்போல் ஓடுகிறது. ஆறாம் நாள் நவீன்குமார் என்னைக் கூப்பிட்டு, "இனி வெட்டு வேலை அவ்வளவா இருக்காதுங்க்கா" என்றார். தெரிந்த விஷயம்தான். கத்தரிக்கோலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது என் வீட்டுக்காரர் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறேன்.

உன் பெங்களூர் அம்மாள் போன வாரம் ஷெட்டுக்கு வந்தாள். நான் கணக்கு முடிக்கப் போயிருந்தபோது பார்த்தேன். போர்வையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, மீதிப் பாதி ஆர்டரையும் இங்கேயே கொடுப்பதாகச் சொன்னாள். நீ கேட்கும் விலைக்கு முக்கால்தான் இவர் விலை.

என் கை போய்விட்டது. உன் வியாபாரமும் போய்விட்டது. உனக்கு வலிக்க வேண்டும் என்பதற்காக என்னுடையதை நானே வெட்டிக்கொண்டேன். எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். வருத்தம் இருக்கிறது. ஆனாலும் மறுபடி அந்த மேஜைக்கு முன்னால் நிறுத்தினால் அதையேதான் செய்வேன்.

வசந்தாமணி


சேலம் கோட்டை,
20 மே 2024

வசந்தாக்கா,

உன் கடிதம் வந்த அன்று நோன்பு திறக்கக்கூடத் தோன்றவில்லை. உடனே எழுதியிருந்தால் எழுத்தில் வராத வார்த்தையெல்லாம் வந்திருக்கும். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

நீ எழுதியது அத்தனையும் நடந்தது. பெங்களூர் அம்மாள் போன் செய்து நயமாகச் சொல்லி முடித்துக்கொண்டாள். பெருநாளைக்குப் பிறகு ஒரு துண்டு வேலை இல்லை. வீட்டுக்காரருக்கு மாத்திரை நிற்கக் கூடாது. காப்பாற்றி வைத்த வளையல் போன மாதம் அதற்கே போனது. நவீன்குமார் தைக்கத் தெரிந்தவர்களைத் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு தஹ்சீன்தான் பேசினாள். முந்தாநாள் அவர் ஆள் வந்து மூட்டையை இறக்கிவிட்டுப் போனார். ஆமாம், இப்போது நான் அவருக்குக் கூலிக்குத் தைக்கிறேன். உனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிரித்துக்கொள்.

நேற்று பழைய பாக்கிக்காகப் பேசிய பெங்களூர் அம்மாள் போனில், நவீன்குமார் போர்வையில் தாமரை நன்றாக இருக்கிறதே, யார் போட்டது என்று கேட்டாள். உன் பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தெரியாது என்றேன். தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன். அதற்காக இப்போதும் வெட்கப்படவில்லை.

மூட்டையை இரண்டு நாளாகத் தைக்கிறேன். மிஷின் வெட்டியதுதானே, எங்காவது பிசகு இருக்கும், அதைச் சொல்லி உன்னைத் திட்டலாம் என்று ஒவ்வொரு துண்டாக எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். சதுரம் சதுரத்தோடு நிற்கிறது. முக்கோணம் முக்கோணத்தோடு நிற்கிறது. எட்டு முனையும் ஊசி நுனி அளவு இடத்தில் வந்து சேர்கின்றன. என்னை அழிக்க வேண்டும் என்று உட்கார்ந்து வரைந்ததில்கூட ஒரு நூல் இடம் தப்பவில்லையே உனக்கு. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஆத்திரத்திலேயே நேற்று முப்பது நட்சத்திரம் தைத்துவிட்டேன்.

இர்பானா